படகு ஏறும் முன் ஒரு வாய் சாப்பிடுங்க!

காலை ஐந்து மணி. வியட்நாமின் தெற்கே, மீகாங் ஆற்றுச் சமவெளியில் இருக்கும் கான் தோ நகரம். நின் கியூ படித்துறையிலிருந்து எங்கள் படகு கிளம்பியபோது சரியாக விடியக்கூட இல்லை. அரை மணி நேரத்தில் காய் ராங் மிதக்கும் சந்தை வந்துவிட்டது.

வியாபாரம் எல்லாம் தண்ணீர் மேலேதான். ஒவ்வொரு படகிலும் ஒரு நீள மூங்கில் கழி. பூசணி விற்கிறவர் அதில் பூசணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அன்னாசி விற்கிறவர் அன்னாசியை. கழியில் தென்னை ஓலை தொங்கினால் என்ன அர்த்தம் தெரியுமா? அந்தப் படகே விலைக்கு வருகிறது! கொடியில் காயும் துணிமணி மட்டும் விற்பனைக்கு இல்லை. பாலங்களும் சாலைகளும் பெருகிய பிறகு சந்தைக்கு வரும் படகுகள் குறைந்துகொண்டே வருகின்றன. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தள்ளிப் போடாதீர்கள்.

நான் போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். அம்மா பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லடி... காத்து குளுருது."

குளிருகிறவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை! கையைப் பிடித்தால் நடுங்குகிறது. சட்டென்று பொறி தட்டியது. அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாக சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். ஊரில் ஏழரை மணிக்கு மாத்திரை, உடனே இட்லி. இங்கே, "காலை மாத்திரைதானே" என்று நாலரை மணிக்கே போட்டுக்கொண்டுவிட்டார். டிபன் எட்டு மணிக்கு, ஹோட்டலுக்குத் திரும்பிய பிறகு. போதாததற்கு வியட்நாம் நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். அம்மாவின் உடம்புக்கு அது விடியற்காலை மூன்று மணி!

சர்க்கரை பார்க்கும் கருவியோ ஹோட்டல் அறையில், பெட்டிக்குள் பத்திரமாக. என் புத்திசாலித்தனம்!

நல்ல வேளை, காபியும் குளிர்பானமும் விற்கும் சின்னப் படகு ஒன்று பக்கத்தில் வந்து ஒட்டியது. அந்தப் பெண்ணுக்கு என் பாஷை புரியவில்லை, அவர் பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே கோலா கேனை உடைத்து நீட்டினார். பாதி கேன் உள்ளே போன பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. அப்புறம் இரண்டு வாழைப்பழமும் ஒரு வெறும் ரொட்டியும்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலி என்றால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையும் இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். டயட் கோலா உதவாது. சாக்லேட்டும் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிஷம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். வெளிநாடு கிளம்பும் முன்பே மாத்திரை, இன்சுலின் நேரத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் பென் ட்ரே பக்கம் போனோம். எங்கு பார்த்தாலும் தென்னை. தேங்காய் மிட்டாய் காய்ச்சும் குடிசைகள். (அம்மா மிட்டாயை மோந்து பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்தார்!) நீர்ப்பனை அடர்ந்த குறுகலான கால்வாய்களில் துடுப்புப் படகில் போவதுதான் இந்தப் பயணத்தின் சுகம். ஒற்றை மூங்கில் போட்ட 'குரங்குப் பாலம்' மட்டும் வயதானவர்களுக்கு வேண்டாம். இடுப்பெலும்பு முக்கியம்.

வீட்டுக்கு வீடு பெரிய ஜாடிகளில் மழைநீர் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவிடுகிறது. 2016, 2020 ஆண்டுகளில் ரொம்பவே அவதிப்பட்டார்கள். ஆனால் ஜாடித் தண்ணீர் டெங்கு கொசுவுக்கும் பிடித்த இடமாயிற்றே! அதற்கு வியட்நாம் கண்ட வழி சுவாரசியமானது. மீசோசைக்ளாப்ஸ் என்ற, கடுகைவிடச் சின்னதான நீர்ப்பூச்சியைத் தொட்டிகளில் விட்டார்கள். அது கொசுவின் இளம் புழுக்களைத் தின்றுவிடும். 1990-களில் தொடங்கி, பல கிராமங்களில் டெங்குக் கொசுவே ஒழிந்த விவரம் 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

அதற்காக நாம் அசட்டையாக இருக்க முடியாது. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு கட்டாயம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தொடாதீர்கள். குடிக்க சீல் வைத்த பாட்டில் தண்ணீர் அல்லது கண்ணெதிரே வெட்டிய இளநீர். ஐஸ் வேண்டாம். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து கைப்பையில் இருக்கட்டும்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். 'ஆன் சாய்' என்றால் சைவச் சாப்பாடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே பௌத்தர்கள் பலர் அசைவம் தொடுவதில்லை. மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், கேட்டுச் சாப்பிடுங்கள்.

கான் தோவிலேயே 1870-ல் கட்டிய பின் துய் வீடு இருக்கிறது. கெமர் மக்களின் பௌத்தக் கோயிலும் பார்க்க வேண்டியது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழைத் தொல்லை குறைவு. பழங்கள் வேண்டுமானால் ஜூன், ஜூலை. கூடவே மழையும் கொசுவும்.

திரும்பும் வழியில், கான் தோவிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத்தில் ஹோ சி மின் நகரம், அதாவது பழைய சைகோன். அங்கே நம் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று வியட்நாமியர்கள்தான் அதிகம் வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அம்மா அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பையில் குளுக்கோஸ் இருந்ததால் நானும் அவசரப்படுத்தவில்லை.