பொறியின் துணையும் சாரதியின் கவனமும்

மோட்டார் வாகனங்களில் இன்று சாரதிக்குத் துணைபுரியும் பொறிகள் பல இடம்பெற்றுள்ளன. மோதல் நேரவிருக்கும் தறுவாயில் தாமாகவே பிறேக் போடுவன சில. வீதிக்கோட்டைத் தாண்டினால் எச்சரிப்பன சில. வேகம், இடைவெளி, சுக்கான் ஆகிய மூன்றையும் தாமே கவனித்துக்கொள்வன வேறு சில. இவற்றால் வீதி விபத்துக்கள் குறையுமா? பொறியின் திறனை மட்டும் அளந்து இவ்வினாவுக்கு விடை கூற இயலாது. பொறி வந்தபின் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

கடுமையாகப் பிறேக் போடும்போது சில்லுகள் இறுகிச் சறுக்காதபடி காக்கும் மின்னணுக் கருவி 1978ஆம் ஆண்டில் ஜேர்மன் கார்களில் அறிமுகமாயிற்று. அதன் பயனை அறிய 1980களில் மியூனிக் நகரத்து டாக்சிகளில் ஒரு சோதனை நடைபெற்றது. ஒரே வகையான டாக்சிகளுள் சிலவற்றில் இக்கருவி பொருத்தப்பட்டது, ஏனையவற்றில் பொருத்தப்படவில்லை. முடிவு வியப்பை அளித்தது. இரு சாராரின் விபத்துக்களும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. பயணிகளைப் போல ஏறிச்சென்ற பார்வையாளர்கள் காரணத்தைக் கண்டறிந்தனர். கருவி பெற்ற சாரதிகள் வளைவுகளில் விரைந்து திரும்பினர். முன்னே செல்லும் வண்டியை நெருங்கி ஓட்டினர். பொறி ஈட்டித் தந்த பாதுகாப்பை அவர்கள் வேகமாகச் செலவிட்டுவிட்டனர் எனலாம்.

அவ்வாறாயின் எல்லாப் பொறிகளும் வீண்தானா? அன்று. தானாகப் பிறேக் போடும் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். முன்செல்லும் வாகனத்தின் பின்புறத்தில் மோதும் விபத்துக்கள், எச்சரிக்கையோடு இச்சாதனமும் உள்ள கார்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்றும், எச்சரிக்கை மட்டும் உள்ளவற்றில் 27 சதவீதம் குறைந்தன என்றும் அமெரிக்கக் காப்புறுதி ஆய்வு நிலையம் ஒன்று கண்டது. இதன் காரணம் ஒருவாறு விளங்கக்கூடியதே. இச்சாதனம் நாள்தோறும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆபத்து நேரும் கணத்தில் மட்டும் விழித்தெழுகின்றது. கண்ணிற் படாத துணையை நம்பி எவரும் வேகத்தைக் கூட்டுவதில்லை.

வண்டியைத் தானே செலுத்தி, சாரதியை வெறும் காவலாளியாக்கும் பொறியின் நிலை வேறு. ஒன்றும் நிகழாத காட்சியை நெடுநேரம் உற்றுநோக்கும் ஆற்றல் மனிதனிடம் குறைவு. நோர்மன் மக்வேர்த் என்னும் ஆங்கிலேய உளவியலாளர், கடிகார முள் போன்ற ஒன்றின் அரிய பாய்ச்சல்களைக் கவனிக்கும்படி சிலரைப் பணித்தார். அரைமணி நேரத்துக்குள்ளேயே அவர்களது கவனம் தளர்ந்ததை அவர் 1948இல் எடுத்துக்காட்டினார்.

இத்தளர்ச்சி வீதியில் உயிரையே பறிக்கக்கூடும். 2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், இத்தகைய பொறியின் வசம் ஓடிய கார் ஒன்று, வீதியைக் குறுக்கிட்ட பாரவண்டியின் மீது மோதிற்று. பொறியும் பிறேக் போடவில்லை, சாரதியும் போடவில்லை. அவர் உயிரிழந்தார். பொறி வண்டியைச் செலுத்திய 37 நிமிடங்களில் அவருடைய கைகள் சுக்கானைப் பற்றியிருந்ததாகப் பதிவானது வெறும் 25 விநாடிகளே என விசாரணையில் வெளியாயிற்று.

ஆகவே பொறியை அமைப்போர், சாரதி விழித்திருக்கின்றாரா என்பதையும் அப்பொறி கண்டறியுமாறு செய்தல் வேண்டும். சாரதியின் சோர்வை உணர்ந்து எச்சரிக்கும் கருவி, 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டிருப்பது இத்திசையில் வைத்த ஓர் அடியாகும்.

சாரதிமாருக்கும் ஒரு கடமை உண்டு. தம் வண்டியிலுள்ள பொறி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். பொறி இல்லாதபோது எந்த வேகத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு ஓட்டுவார்களோ, அது இருக்கும்போதும் அவ்வாறே ஓட்டுதல் வேண்டும். அப்போதுதான் பொறி தரும் பாதுகாப்பு செலவாகிவிடாமல், வீதியில் நடப்போருக்கும் சேர்த்து எஞ்சிநிற்கும்.