பழைய பெட்டியும் புதிய திரையும்

சென்ற திங்கள் என் விடுதி அறைக்கு வந்தவர்கள், மேசைமேல் வீற்றிருந்த 27 அங்குலத் திரையைக் கண்டு வியந்தார்கள்; அதன் அருகே ஒடுங்கிக் கிடந்த மடிக்கணினியைக் கண்டு நகைத்தார்கள். நகைப்பதில் நியாயம் உண்டு. 2015-இல் என் அக்காள் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய பெட்டி அது.

இலைகளின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் படமெடுத்து ஆராய்வது என் ஆய்வேட்டு வேலை. சிறிய திரையில் செல்களை எண்ணி எண்ணிக் கண்ணில் நீர் வடிந்தது. ஆகவே, டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் 4கே மானிட்டர் ஒன்றை வாங்கி, எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்தேன். படம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி சேற்றில் எருமை நடப்பதுபோல் தயங்கித் தயங்கி வந்தது. அமைப்பில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. 60 என்பது பட்டியலிலேயே இல்லை.

"பெட்டி கிழமாகிவிட்டது, தம்பி. வேறு வாங்கிவிடு" என்றார் ஆய்வகத்து அண்ணன் ஒருவர். ஊரில் தாளடிக்கு உரம் வாங்கிய கடனையே அப்பா இன்னும் அடைக்கவில்லை. அவரிடம் கேட்கத் தொலைபேசியை எடுத்தவன், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

அந்தக் கணக்கு இதுதான். 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைச் சொல்ல 24 பிட். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தால் ஏறத்தாழ 1,194 கோடி பிட் ஓடவேண்டும். வரிகளுக்கிடையே விடும் இடைவெளியைச் சேர்த்தால் இன்னும் கூடும். என் பெட்டியில் இருப்பதோ 2009-இல் வகுத்த எச்.டி.எம்.ஐ. 1.4. அது நொடிக்கு 1,020 கோடி பிட் அனுப்பும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டு முறைக்கே போய்விட, படத்துக்கு மிஞ்சுவது 816 கோடி. மடை சிறிது, அணையில் நீர் எவ்வளவு இருந்து என்ன? 30 முறை என்றால் 597 கோடிதான், அது நுழைந்துவிடும். 2013-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் என் பெட்டியின் சில்லு அதை அறியாது. விலையுயர்ந்த கேபிள் வாங்கியும் பயன் இல்லை.

வேறு மடை உண்டா என்று தேடினேன். பெட்டியின் மறுபக்கத்தில், கீழ் மூலைகள் இரண்டும் வெட்டினாற்போன்ற ஒரு சிறு துளை, தூசி அடைந்து கிடந்தது. மினி டிஸ்ப்ளே போர்ட்! அதன் 1.2 பதிப்பில் படத்துக்கு 1,728 கோடி பிட் வரை இடமுண்டு. என் பெட்டியின் சில்லும் அந்த வழியில் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் தரும் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் கண்டேன்.

இங்கே ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். மினி டிஸ்ப்ளே போர்ட்டை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் மலிவான அடாப்டரை வாங்கி வந்தேன். மீண்டும் அதே 30! அந்த வகை அடாப்டர் சமிக்ஞையைத் தானே மாற்றுவதில்லை, பழைய எச்.டி.எம்.ஐ. வரம்புக்கே நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. மறுநாள் நேரு பிளேஸ் சென்று, மினி டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு நேரே செல்லும் கேபிள் வாங்கினேன். மானிட்டரின் மெனுவில் 1.1 என்றிருந்ததை 1.2 ஆக மாற்றியதும் பட்டியலில் 60 வந்தது. எழுத்துகள் எறும்புபோல் தெரிந்தமையால் அளவை 150 விழுக்காடாக்கினேன்.

பெட்டியில் எச்.டி.எம்.ஐ. 1.4 மட்டுமே உள்ளவர்கள், படிக்கவும் அசையாத படங்களைப் பார்க்கவும் 30 ஹெர்ட்ஸையே வைத்துக்கொள்ளலாம். அசையும் படம் பார்க்கையில் 1920 × 1080-க்கு இறங்கி 60 வையுங்கள். அப்போது நான்கு புள்ளிகள் சேர்ந்து சரியாக ஒன்றாகும். 2560 × 1440 வைத்தால் ஒன்றரைக்கு ஒன்று என்ற விகிதம் வந்து எழுத்தின் விளிம்பு மங்கும்.

ஐயமுள்ளோர் தம் பெட்டியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். அந்தப் பழைய அடாப்டரும் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது.