வி.வி.எஸ். இருக்கட்டும், கட்டிங் எப்படி?

நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் எடுக்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, எத்தனை கேரட்? அடுத்தது, கல்லின் சுத்தம் வி.வி.எஸ்.தானே? இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் திருப்தியாகப் பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கோவையில் வைரம் பதிக்கிற வேலை என்னுடையது. கடைக் கண்ணாடிக்குள் போய் உட்காருவதற்கு முன்னால் கல் காகிதப் பொட்டலத்தில் என் மேஜைக்கு வரும். மேலே, கீழே, ஓரம் என்று லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் தங்கத்தில் ஏற்றுவேன். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கல்லின் அழகில் முக்கால் பங்கு கட்டிங்தான். மற்றதெல்லாம் பூமிக்குள்ளேயே முடிவாகி வருகிற விஷயம். கட்டிங் மட்டும்தான் மனுஷன் கைவேலை.

வைரத்துக்குள் நுழைந்த வெளிச்சம் லேசில் வெளியே போகாது. அடிப்பக்கத்து முகங்கள் சரியான சாய்வில் இருந்தால், அங்கே பட்டுத் திரும்பி, வந்த வழியே மேலேறி நம் கண்ணுக்கு வரும். சாய்வு தப்பினால் அடி வழியாகக் கசிந்துவிடும். வட்டக் கல்லில் 57 முகங்கள். அடி நுனியையும் தட்டையாக்கினால் 58. எந்த முகம் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு 1919இல் புத்தகமாகவே எழுதினார் மார்செல் டோல்கோவ்ஸ்கி. பெல்ஜியத்து வைரக் குடும்பத்துப் பிள்ளை, படித்தது இன்ஜினியரிங். இன்றைக்கும் சூரத்தில் பட்டை தீட்டுகிறவர்கள் அவர் கணக்கை ஒட்டித்தான் போகிறார்கள்.

கட்டிங் கெட்ட கல்லைக் கண்டுபிடிக்க லூப்கூட வேண்டாம். அடி ஆழம் போதாத கல்லை நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் வளையம் ஒன்று தெரியும். தொழிலில் அதற்கு மீன்கண் என்று பெயர். ஆழம் கூடிப்போன கல்லில் நடு கறுத்துக் கிடக்கும். இந்த இரண்டாவது ரகம் தெரியாமல் நடக்கிற தவறு இல்லை. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், நம் கடைக் கணக்கில் 100 சென்ட். 50 சென்ட், 1 கேரட் என்று முழு எண்ணைத் தொட்டதும் கேரட்டுக்கான விலையே தாவும். அதனால் அழகு போனாலும் எடை போகக் கூடாது என்று அடிவயிற்றைக் கனமாக விட்டுவிடுகிறார்கள். நன்றாக வெட்டிய 1 கேரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதே எடை 6.1தான் இருக்கிறது என்றால், மீதியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வாங்கியிருக்கிறீர்கள். 90 சென்ட், 47 சென்ட் என்று கொஞ்சம் உள்ளே தள்ளிக் கேளுங்கள். விரலில் போட்டால் வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும்.

ஜி.ஐ.ஏ. என்கிற அமெரிக்க ரத்தின ஆய்வு நிறுவனத்தின் சர்டிபிகேட்டில் வட்டக் கல்லுக்குக் கட்டிங் தரம் போடுவது 2006இல் வந்தது. எக்ஸலன்ட் என்று இருந்தால் வாங்குங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். ஓவல், பியர், பிரின்சஸ் போன்ற வடிவங்களுக்கு அந்தத் தரம் இல்லை, கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

சரி, இந்த வி.வி.எஸ். பைத்தியம் நமக்கு எங்கிருந்து வந்தது? கல்லில் தோஷம் பார்க்கிற வழக்கத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன். சிலப்பதிகாரத்து மதுரையிலேயே ரத்தினக் கடைவீதியில் காகபாதம், களங்கம் என்று வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். அந்தப் பயத்தைத்தான் இன்றைக்கு 'இ.எஃப்., வி.வி.எஸ்.' என்று நிறத்தையும் சுத்தத்தையும் சேர்த்த பெயரில் கவுண்டரில் விற்கிறார்கள். வி.வி.எஸ். என்றால், பத்து மடங்கு பெருக்கும் லூப்பில் தேர்ந்த ஆளே தேடித்தான் கண்டுபிடிக்கும்படியான புள்ளி. அதற்கு அடுத்த வி.எஸ். கல்லில் லூப் வைத்தால் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் அடுத்த எஸ்.ஐ. கல்லிலும் எத்தனையோ சுத்தமாகத் தெரிவது உண்டு. நான் பார்ப்பது புள்ளி எங்கே இருக்கிறது என்பதை. மேசை என்கிற மேல் நடு முகத்தில் இருந்தால் தப்பிக்க வழியில்லை. ஓரத்தில் இருந்தால் கல்லைத் திருப்பி, பிடிக்கிற கால் ஒன்றுக்கு அடியில் அதை உட்கார வைத்துவிடுவேன். பிறகு அது எனக்கும் சர்டிபிகேட்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

பயப்பட வேண்டிய குறை வேறு. ஓரம் வரை ஓடி வருகிற கீறல், கத்தி முனை மாதிரி மெலிந்த இடுப்பு. வைரத்தை இன்னொரு வைரம் தவிர எதுவும் கீறாது என்பது சரி, ஆனால் அடி பட்டால் பிளக்கும். பிளப்பதற்கென்றே அதற்குள் நான்கு திசைகள் இருக்கின்றன. காலை வளைத்துக் கல்லின் மேல் அமுக்குகிற அந்த ஒரு நொடியில் நான் மூச்சை விடுவதில்லை. இடுப்பு ரொம்ப மெலிந்திருந்தால் ஓரம் சில்லு போய்விடும். அப்படிப்பட்ட கல்லைப் பதிக்காமலே பொட்டலத்தோடு திருப்பி அனுப்பிவிடுவேன். சர்டிபிகேட்டில் இந்த இடுப்புக்கு 'கர்டில்' என்று ஒரு வரி இருக்கும். 'எக்ஸ்ட்ரீம்லி தின்' என்று போட்டிருந்தால் வேறு கல் கேளுங்கள்.

நிறம் டி-யில் தொடங்கி இசட் வரை போகும். வெள்ளைத் தங்கத்துக்கு ஜி, எச் போதும். மஞ்சள் தங்கத்தில் ஐ, ஜே-கூட வெள்ளையாகவே நிற்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டி காலத்துத் தோட்டில் 'புளூ ஜாகர்' கல் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிற வீடுகள் இன்னும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துப் பெயர் அது. அந்த நீலச் சாயல் பெரும்பாலும் புற ஊதா ஒளி பட்டு வருவது. இன்றைய சர்டிபிகேட்டில் அதே சங்கதிக்கு 'ஃப்ளோரசன்ஸ், புளூ' என்று பெயர், விலையைக் குறைத்துவிடுகிறார்கள்! லேசான மஞ்சள் ஓடும் ஐ, ஜே கல்லுக்கு அது நல்லதுதான், வெயிலில் இன்னும் வெள்ளையாகக் காட்டும். பால் கலந்த மாதிரி மங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் லாபம் உங்களுக்கு.

கடை விளக்குக்குக் கீழே எல்லாமே ஜொலிக்கும். கல்லை வாசல் வரை கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு உள்ளங்கையைக் குடையாகப் பிடித்து நிழலில் பாருங்கள். நிழலிலும் உயிரோடு இருந்தால் கட்டிங் நல்ல கட்டிங். ராசிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குகிற வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. ராசி என் துறை அல்ல. ஆனால் காலை வெயில், அடுக்களை டியூப்லைட், சாயங்கால மங்கல் எல்லாவற்றிலும் கல்லைப் பார்த்துவிடுகிறார்களே, அதைவிட நல்ல பரீட்சை ஏது?

தெரிந்தவர்கள் வழியாகப் பட்டறைக்கே வருகிறவர்களில் பெண்ணைப் பெற்ற அம்மா ஒருத்தர், மோதிரத்தில் தங்கத்தின் தர முத்திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, 750ன்னு போட்டிருக்குது, 916 இல்லீங்களா? சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

"22 கேரட் மெத்துங்க அம்மணி. துணி மாட்டுனாக்கூட காலு விரிஞ்சு கல்லு உளுந்துரும். தோடு மாதிரி மூடிப் பதிச்சா பரவால்லீங்க. இது காத்தோட்டமா நிக்கிற ஒத்தக்கல்லு, 18தானுங்க தாங்கும்."

மெஷினில் வளர்த்த வைரத்தைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அதுவும் அசல் கார்பன்தான். பதிக்கிற என் கைக்கு வித்தியாசமே தெரியாது, ஆய்வகக் கருவிக்குத்தான் தெரியும். விலை பெரிதும் குறைவு; திரும்ப விற்கப் போனால் கைக்கு வருவதும் மிகக் குறைவு. போட்டுக்கொள்ள என்றால் தாராளமாக வாங்கலாம், முதலீடு என்றால் வேண்டாம். முதலீட்டுக்கு இயற்கை வைரமும் சரிப்படாது என்பது தனிக் கதை. மொய்சனைட் வேறு பொருள். சூடு கடத்துவதை மட்டும் அளக்கிற சாதாரண டெஸ்டர் அதையும் வைரம் என்று சொல்லிவிடும். லூப்பில் சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்துக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், அதுதான் அடையாளம்.

பில்லில் கல்லின் எடை, நிறம், சர்டிபிகேட் எண், இயற்கையா வளர்த்ததா என்பது, தங்கத்தின் நிகர எடை, செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்கத்தில் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. ஹால்மார்க் எண் இருக்கும், கல்லின் இடுப்பில் பெரும்பாலும் லேசரில் சர்டிபிகேட் எண் இருக்கும். இரண்டையும் கடை லூப்பிலேயே காட்டச் சொல்லுங்கள். திருப்பி எடுத்தால் எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்கள். போட்ட பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். எண்ணெய் என்றால் வைரம் உடனே பிடித்துக்கொள்ளும். எப்போதாவது மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். கிலுகிலு என்று சத்தம் கேட்டால் கால் தளர்ந்துவிட்டது, அன்றைக்கே கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.