துயரையும் பங்கிடுவோம்!

தோழர்களே!

ஏரியைப் 'பாடு' என்று பங்கிட்டு, முறைவைத்து மீன்பிடிக்கும் ஊர் பழவேற்காடு. அங்கே வலை கிழிந்தால் தைக்கிறோம். படகு பழுதானால் பார்க்கிறோம். மனம் பழுதானால்? பேய் என்கிறோம், பூசாரியைத் தேடுகிறோம்!

முகத்துவாரம் மணல்மூடினால் மீன்வரத்து குறைகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது. தூக்கம் தொலைகிறது, துக்கம் தங்குகிறது. இது பேயா? நோய்! நோய்க்கு மருந்து வேப்பிலையா, சங்கிலியா?

சங்கிலியின் கதை கேளீர்! 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில் தீ. சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனநோயாளர்கள் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டவர் 28 பேர்!

2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்தது; அரசு மனநலச் சிகிச்சை எல்லோருக்கும் உரிமை என்றது. உரிமை, தோழனே, பிச்சையல்ல!

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ; மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைக் காண வழி கேள். பஸ்ஸுக்குக் காசில்லையா? ஊர் சிரிக்குமென்று அச்சமா? 14416 எண்ணுக்குப் பேசு. 2022-இல் தொடங்கிய 'டெலி மனஸ்' அது. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

மன்றத் தோழர்களே! அந்த எண்ணைப் படிப்பகச் சுவரில் எழுதுங்கள். கரையில் பேச்சற்று உட்கார்ந்திருப்பவன் பக்கத்தில் அமருங்கள், "என்னப்பா?" என்று கேளுங்கள், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். ஏரியைப் பங்கிடத் தெரிந்த நமக்கு, துயரைப் பங்கிடவா தெரியாது?