வாலில் பச்சை ரிப்பன் கட்டிய குதிரை!

ஐரோப்பாவில் குதிரையேற்றப் போட்டி நடக்கும் இடத்துக்குப் போனால், சில குதிரைகளின் வாலில் சின்னதாக ரிப்பன் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். சிவப்பு ரிப்பன் என்றால், 'பின்னால் வராதீர்கள், உதைக்கும்' என்று அர்த்தம். பச்சை என்றால், 'இது புதுசு. என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்' என்று அர்த்தம். நம் ஊர் டிரைவிங் ஸ்கூல் கார்களில் இருக்கும் 'எல்' போர்டு மாதிரிதான். ஒரே வித்தியாசம், காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் கற்றுக்கொள்கிறார். இங்கே கற்றுக்கொள்வது வண்டியே!

இப்படிப்பட்ட குதிரையை வைத்துக்கொண்டு 'ஈவன்டிங்' போட்டியில் இறங்குவது லேசான காரியம் இல்லை.

ஈவன்டிங் என்பது ஒரே குதிரையும் ஒரே வீரரும் சேர்ந்து தாண்ட வேண்டிய மூன்று தேர்வுகள். முதலில் டிரெஸ்ஸாஜ். மைதானத்துக்குள் வீரரின் சின்னச் சின்ன அசைவுக்கும் கீழ்ப்படிந்து அழகாக நடந்து காட்ட வேண்டும். அடுத்தது கிராஸ் கன்ட்ரி. திறந்தவெளியில் சில கிலோமீட்டர் தூரம் ஓடி, மரக்கட்டை, பள்ளம், மேடு, குளம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். கடைசியில் ஷோ ஜம்பிங். கை பட்டாலே விழுந்துவிடும் கம்புகளை, முந்தைய நாள் ஓடிய களைப்போடு, தட்டாமல் தாண்ட வேண்டும். மூன்றிலும் தவறுகளுக்குப் புள்ளிகள் ஏறும். மொத்தத்தில் யாருக்குக் குறைவோ, அவர்தான் வெற்றியாளர்.

ராணுவக் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்த விளையாட்டு இது. அணிவகுப்பில் அடங்கி நிற்க வேண்டும், போர்க்களத்தில் பயப்படாமல் பாய வேண்டும், மறுநாளும் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் சேர்ந்தபோது ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. பெண்கள் இதில் கலந்துகொள்ள 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த டோக்கியோவுக்குப் பிறகு வருவோம்.

அவசரப்பட முடியாத வயது

டெர்பி பந்தயங்களில் ஓடுபவை 3 வயதுக் குதிரைகள். ஈவன்டிங்கில் அந்த வயதுக் குதிரைக்கு முதுகில் சேணம் என்ற ஒன்று வரும் என்பதே அப்போதுதான் தெரியவரும். குதிரையின் முதுகெலும்பு முழுமையாக வளர்ந்து முடிய 5, 6 வயது ஆகிவிடும். அதனால் முதலில் நீண்ட கயிற்றில் வட்டமாக நடக்கப் பழக்குவார்கள். பிறகு வெறும் சேணம். பிறகு ஆள். 4, 5 வயதில் முழங்கால் உயரக் கட்டைகள். ஒலிம்பிக்ஸில் இறங்க குறைந்தது 8 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. 10 வயதுக்கு மேல்தான் பெரும்பாலான குதிரைகள் உச்சத்தைத் தொடுகின்றன.

டிரெஸ்ஸாஜும் ஷோ ஜம்பிங்கும் தினசரிப் பயிற்சியில் வந்துவிடும். சிக்கலே கிராஸ் கன்ட்ரியில்தான். அதிலும் தண்ணீர்.

மனிதருக்குக் குளம் என்றால் குளம். குதிரைக்கு அது தரையில் திடீரென்று திறந்த, பளபளக்கும் ஓர் ஓட்டை. ஆழம் எவ்வளவு என்று தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி, ஓடித் தப்பித்தே பிழைத்த இனம் அது. தெரியாத இடத்தில் கால் வைக்காதே என்பது அதன் ரத்தத்தில் இருக்கும் பாடம். அதை மறக்கச் சொல்லி, முதுகில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கேட்கிறார்.

கண்ணும் ஒரு காரணம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதுகூட ஓரளவு தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. தடைக்கு மிக அருகில் வந்த பிறகு, முன்பு பார்த்ததை நம்பித்தான் அது தாவுகிறது. நிறங்களும் நம்மைப் போலத் தெரிவதில்லை. பிரிட்டனில் பந்தயத் தடைகளில் நெடுங்காலமாகப் பூசிவந்த ஆரஞ்சு நிறம், புல்லிலிருந்து குதிரைக்குச் சரியாகப் பிரிந்து தெரியவில்லை என்று ஆய்வில் தெரிந்த பிறகுதான் வெள்ளைக்கு மாறினார்கள். இத்தனை காலம் நம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து அதற்குத் தடை கட்டியிருக்கிறோம்!

அதனால் தண்ணீருக்கு முதல் பாடம் தாவல் இல்லை. கணுக்கால் அளவு தண்ணீர், கெட்டியான தரை, முன்னால் அனுபவமுள்ள ஒரு பெரிய குதிரை. அது 'சளக் சளக்' என்று நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே குட்டி வரும். விளிம்பில் நிற்கும். குனிந்து மோந்து பார்க்கும். முன்னங்காலால் தண்ணீரை அடித்துப் பார்க்கும். அரை மணி நேரம் ஆனாலும் வீரர் உட்கார்ந்தே இருப்பார். முகத்தைத் திருப்பிப் போக மட்டும் விடமாட்டார். ஒரு கால் உள்ளே போனதும் கழுத்தில் தட்டிக்கொடுப்பார். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

பள்ளத்தில் நேர்மாறாக நடக்கும். நம் வீட்டு வாசல் சாக்கடை அகலம்தான் இருக்கும். ஆனால் புதுக் குதிரை அதை ஆறு என்று நினைத்து ஆகாயத்துக்குத் தாவும். மேலே இருப்பவர் சேணத்திலிருந்து எகிறுவார். அந்த நேரத்தில் லகானைப் பிடித்து இழுத்துவிட்டால், 'தாவினால் வாயில் வலிக்கும்' என்று குதிரை கற்றுக்கொள்ளும். அதற்காகவே இளங்குதிரைகளின் கழுத்தில் தனியாக ஒரு வார் கட்டியிருப்பார்கள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அதுதான், லகான் இல்லை.

மறுத்து நின்றால்? அடிப்பவர்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் மருத்துவரைக் கூப்பிடுவார். பல்லில் வலியா, முதுகில் சேணம் உறுத்துகிறதா, வயிற்றில் புண்ணா? உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் தடையைச் சின்னதாக்குவார்.

வேண்டுமென்றே தோற்பவர்கள்

இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் புரியாத ஒரு கணக்கு இருக்கிறது. கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒரு தடை முன் நின்றுவிட்டால் 20 புள்ளி அபராதம். அதே தடையில் இரண்டாவது முறை நின்றால் இன்னும் 40. மூன்றாவது முறை நின்றால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளி. அதாவது, ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் 24 புள்ளி. ஒரு முறை மறுத்து நின்றதைவிட அதிக நஷ்டம்!

ஆனாலும் புதுக் குதிரையில் இறங்கும் விவரமான வீரர் அந்த 24 புள்ளியைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் வேகத்தைக் குறைத்து, குதிரைக்குப் பார்க்க நேரம் கொடுத்து, சுற்றி வந்து முடிப்பார். பட்டியலில் பெயர் எங்கோ அடியில் இருக்கும். லாயத்தில் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். தாவிய ஒவ்வொரு தடையும் குதிரைக்குள் தைரியமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதைவிடக் கடினமான முடிவும் உண்டு. இன்று இதற்கு முடியவில்லை என்று தெரிந்தால், கையை உயர்த்தி, போட்டியிலிருந்து விலகி நடந்தே திரும்புவது. நுழைவுக் கட்டணம், பயணச் செலவு, குதிரையின் உரிமையாளர் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பது, எல்லாம் இருக்கிறது. இருந்தும் திரும்புவது.

காரணம், இங்கே தவறின் விலை பெரிது. கிராஸ் கன்ட்ரி தடைகள் உறுதியானவை. முன்னங்கால் மாட்டினால் குதிரையே கரணம் அடித்து வீரர் மேல் விழக்கூடும். இந்த வகை விழுதலில்தான் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் இப்போது பல தடைகளில் பலமாக மோதினால் கழன்று விழும் ஊசிகளை வைக்கிறார்கள். வீரர்கள் விழும்போது காற்று நிரம்பும் மேலங்கி அணிகிறார்கள். ஆபத்து குறைந்திருக்கிறது. போய்விடவில்லை.

யூலியாவின் குதிரைகள்

ஜெர்மனியின் யூலியா க்ராயெவ்ஸ்கி இந்தக் கணக்கை எல்லாம் அனுபவித்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் அவருடைய குதிரை சாமுராய் டு தோ கிராஸ் கன்ட்ரியில் மறுத்து நிற்க, வெளியேற்றப்பட்டார். சக வீரர்களின் புள்ளிகளால் ஜெர்மனி அணிக்கு வெள்ளி கிடைத்தது. மறு ஆண்டே அதே குதிரையில், தன் நாட்டின் மிகக் கடினமான லூமுயூலன் போட்டியை வென்றார்.

அவர் இளவயதிலிருந்து வளர்த்தெடுத்த இன்னொரு குதிரை சிப்மங்க். 2018 உலகப் போட்டியில் டிரெஸ்ஸாஜில் எல்லோரையும் முந்தி முதலிடம். அடுத்த நாள் கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடையை விட்டு விலகி ஓடியது. பதக்கம் போனது. அதன்பின் சிப்மங்க் கைமாறி, அதே நாட்டின் நட்சத்திர வீரர் மைக்கேல் யூங்கிடம் போய்ச் சேர்ந்தது. குதிரையைச் சொந்தமாக வைத்திருப்பவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர் என்பது இந்த விளையாட்டில் சகஜம். பெற்ற பிள்ளை போல வளர்த்ததை வேறொருவர் ஓட்டுவதை, அடுத்த போட்டியில் எதிரே நின்று பார்க்க வேண்டும்.

2021 தொடக்கத்தில் சாமுராய்க்கு ஒரு கண் போனது. ஓய்வு கொடுக்க வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் யூலியா தன் தந்தையையும் இழந்தார். ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில் கையில் மிஞ்சியது, அமாண்ட் ட பென்வில் என்ற பெண் குதிரை. செல்லப் பெயர் மாண்டி. 11 வயது. வயதைப் பார்த்தால் பெரியதுதான், ஆனால் பெரிய சாம்பியன்ஷிப் எதிலும் ஓடியதே இல்லை. பிரான்சின் சோமூரில் நடந்த போட்டியை வென்று டோக்கியோவுக்குத் தகுதிபெற்றது.

டோக்கியோவில் டிரெஸ்ஸாஜ் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தது யார் தெரியுமா? மைக்கேல் யூங்கும் சிப்மங்கும்! கிராஸ் கன்ட்ரியில் அந்தக் குதிரையின் கால் ஒரு தடையில் பட்டு, பாதுகாப்பு ஊசி கழன்றது. 11 புள்ளி அபராதம். உலகின் தலைசிறந்த வீரர் பதக்கத்துக்கு வெளியே போனார். மாண்டி அதே பாதையில் 1 விநாடி மட்டும் தாமதமாக, 0.4 புள்ளியோடு வந்து சேர்ந்தது. மறுநாள் ஷோ ஜம்பிங்கில் இரண்டு சுற்றிலும் ஒரு கம்புகூட விழவில்லை. மொத்தம் 26.0 புள்ளி. ஈவன்டிங்கில் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண் ஆனார் யூலியா.

57 ஆண்டுகளுக்கு முன், அதே டோக்கியோவில்தான் அமெரிக்காவின் லானா டு பான்ட் ஒலிம்பிக் ஈவன்டிங்கில் இறங்கிய முதல் பெண் ஆனார். வழியில் இரண்டு முறை விழுந்தும் எழுந்து ஏறி முடித்தார். அவர் அணிக்கு வெள்ளி.

அதே கிராஸ் கன்ட்ரி நாளில் இன்னொன்றும் நடந்தது. சுவிட்சர்லாந்து வீரர் ராபின் கோடெல் ஓட்டிய ஜெட் செட் என்ற 14 வயதுக் குதிரை, பாதையின் கடைசிப் பகுதியில் நொண்டத் தொடங்கியது. காலில் தசைநார் அறுந்திருந்தது. குணப்படுத்த முடியாது என்று மருத்துவர்கள் சொல்ல, கருணைக்கொலை செய்யப்பட்டது. அது அனுபவமில்லாத குதிரை இல்லை. இந்த விளையாட்டை நேசிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் மறக்காத நாள் அது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் தங்கம் வென்றது சிப்மங்க். 10 வயதில் தடையை விட்டு விலகி ஓடிய அதே குதிரைக்கு அப்போது 16 வயது. யூலியாவும் அங்கே போட்டியில் இருந்தார், நிக்கல் 21 என்ற புதுக் குதிரையுடன்!

நம் நாட்டில்...

1982 டெல்லி ஆசியப் போட்டியில் ஈவன்டிங்கில் இந்தியா அணித் தங்கம் வென்றது. தனிநபர் பிரிவின் மூன்று பதக்கங்களும் நமக்கே. ரகுபீர் சிங் தங்கம் வென்றார். பிறகு தனிநபர் பதக்கத்துக்கு 36 ஆண்டு இடைவெளி. 2018 ஜகார்த்தாவில் பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்ஸா வெள்ளி வென்றார். அணிக்கும் வெள்ளி. டோக்கியோவில் யூலியா தங்கம் வென்ற அதே போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்து 23-ஆம் இடம் பிடித்தவரும் இவரே.

ஃபவாத் இரண்டு முறையும் ஓட்டிய செய்னர் மெடிகாட், ஏற்கெனவே அவருடைய பயிற்சியாளராக இருந்த ஜெர்மனியின் பெட்டினா ஹோய் சர்வதேசப் போட்டிகளில் ஓட்டிய குதிரை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தயாரான குதிரையிடமிருந்து வீரர் கற்றுக்கொள்வது நல்ல வழி. ஆனால் 4 வயதுக் குதிரையை எடுத்து 10 வயதில் உலக மேடைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், வாரம்தோறும் சின்னச் சின்னப் போட்டிகள் வேண்டும், விதவிதமான குளங்களும் பள்ளங்களும் வேண்டும். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அது பக்கத்து ஊரில் கிடைக்கிறது. இங்கே பெரும்பாலும் ராணுவ மையங்களையும் ஒரு சில கிளப்களையும் நம்பித்தான் இருக்கிறது.

பிரான்சின் லியோன் தாஞ்சே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் அக்டோபரில் 6, 7 வயதுக் குதிரைகளுக்கு மட்டும் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. முடிவுகள் இணையத்தில் கிடைக்கும். பார்க்கும்போது முதல் மூன்று பெயர்களோடு நின்றுவிடாமல் கீழேயும் போங்கள். கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடையில்கூட நிற்காமல், நேரத்துக்கு மட்டும் பத்து இருபது புள்ளி வாங்கிய குதிரைகள் சில இருக்கும். அவற்றின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு, நான்கைந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பாருங்கள்.