கூரைமேல் சூரியத் தகடு: போட்ட முதல் திரும்புமா?

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் தகடுகள் இன்று சிற்றூர் வீடுகளின் கூரைகளிலும் காணப்படுகின்றன. கடன் பட்டேனும் இவற்றை அமைக்கலாமா என்று பஞ்சாயத்து அங்கத்தினர்களிடம் யோசனை கேட்போர் பலர். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விடை இதற்கில்லை. போட்ட முதல் திரும்புவது, அவ்வீடு எத்தனை யூனிட் மின்சாரத்தை என்ன விலைக்கு வாங்குகிறது என்பதையே பொறுத்தது.

முதலில் விளைவைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகளுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நிழல் விழாத இடத்தில் தென்திசை நோக்கிச் சிறிது சாய்வாக அமைந்தால், நம் மாநிலத்தில் அவை நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட், இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். நாம் எடுக்கும் யூனிட்டுகளிலிருந்து அது கழிக்கப்படும்.

அடுத்தது செலவு. வீட்டுக் கூரைத் தகடுகளுக்கென 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியமாக வகுத்தது. ஒரு கிலோவாட் அமைக்க 65,000 ரூபாய் ஆவதாகக் கொண்டால், மானியம் போக நாம் இடவேண்டிய முதல் 35,000 ரூபாய்.

இனி வரவு. 2022 செப்டம்பரில் வகுத்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன்படி இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்கு 225 ரூபாய். 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்திற்குத் தகடுகளால் அந்த 225 ரூபாய் முழுதும் மிஞ்சும். ஆயினும் ஆண்டுக்கு அது 1,350 ரூபாயே. 35,000 ரூபாய் திரும்ப ஏறக்குறைய 26 ஆண்டுகள் ஆகும். தகட்டின் ஆயுளோ சுமார் 25 ஆண்டுகள். 400 யூனிட் செலவழிக்கும் குடும்பம் 160 யூனிட்டுக்கு மட்டும் 135 ரூபாய் கட்டும். ஆண்டுக்கு 5,940 ரூபாய் மிஞ்சுவதால், ஆறு ஆண்டுகளில் முதல் திரும்பும். 500 யூனிட் வீட்டுக்கு ஐந்தாண்டுக்குள்ளேயே திரும்பிவிடும். தகடு ஒன்றே, பலன் மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது.

கடன் வாங்குவோர் வட்டியையும் சேர்த்துக் கணக்கிடுதல் அவசியம். 35,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 7 வட்டி என்றால் முதலாண்டு வட்டியே 2,450 ரூபாய். 200 யூனிட் குடும்பத்திற்கு மிஞ்சும் தொகை அந்த வட்டிக்கும் போதாது. அன்றியும், தகடு தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரைச் சுமார் பத்தாண்டுகளில் மாற்ற நேரிடும். தகட்டின் மேல் படியும் தூசியை அவ்வப்போது கழுவவேண்டும். தென்னை மர நிழல் ஒரு பகுதியில் விழுந்தாலும் விளைவு குறையும்.

மின்தடையின்போது வீட்டில் விளக்கெரியும் என எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். பேட்டரியின்றி மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு இது. பேட்டரி சேர்த்தால் செலவு கூடும். முதல் திரும்பும் காலமும் நீளும்.

விவசாயிகளுக்கு இக்கணக்கு வேறு. இலவச மின்இணைப்புள்ள கிணற்றுப் பம்புக்குச் சூரியத் தகட்டால் கட்டணம் மிஞ்ச வழியில்லை. டீசல் எஞ்சினால் நீர் இறைப்போருக்கோ, மிஞ்சும் டீசல் விலையே வரவாகும்.

இத்திட்டத்தின் விதிகளில், ஊரில் அமையும் ஒவ்வொரு வீட்டு அமைப்புக்கும் உள்ளாட்சி மன்றத்திற்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அதனைக் கருதி எல்லோரையும் தூண்டுவது முறையன்று. யோசனை கேட்டு வருவோரின் ஓராண்டு மின் கட்டண விவரத்தை அங்கத்தினர்கள் வாங்கிப் பார்க்கட்டும். மானியம் போக நிற்கும் செலவை ஆண்டில் மிஞ்சும் தொகையால் வகுத்துக் காட்டட்டும். வரும் எண் பத்துக்கு உட்பட்டதாயின் தயங்காது அமைக்கச் சொல்லலாம். இருபதைத் தாண்டினால் அப்பணத்தை வேறு நற்பயனுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வதே அக்குடும்பத்திற்குச் செய்யும் உதவியாகும்.