கடைசித் தவணைப் புள்ளிகள் எண்ணப்படுமா?

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பெற்றோர் கூட்டம். அரைப் பேரை விட்டுவிட்டு வந்திருந்த தாய் ஒருவர், கூட்டம் முடியும் வேளையில் தயங்கித் தயங்கி எழுந்து கேட்டார்:

"சேர், இந்தக் கடைசித் தவணை மார்க்ஸ் கெம்பஸுக்கு எடுபடுமா? எடுபடாதுன்னா பயல இப்பவே கொழும்புக்கு அனுப்பலாம்னு அவங்க அப்பா சொல்றாரு. கடையில வேலை இருக்காம். பரீட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வந்துரலாம்ல?"

சிலர் சிரித்தார்கள். ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. நாமும் பின்வரிசையில் அமர்ந்து யோசித்தோம். உண்மையைச் சொன்னால், பதுளை மாவட்டத்தின் பல லயங்களில் இரவு விளக்கணைத்த பின் பேசப்படும் கேள்விதான் இது. அந்தத் தாய் அதைச் சபையில் கேட்டுவிட்டார். எனவே அதற்கு நேர்மையான விடை தேடுவது நமது கடமை.

நேரான விடை

எண்ணப்படுவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவரைத் தெரிவு செய்யும்போது பாடசாலைத் தவணைப் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியடைந்திருக்க வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் பெற்றிருக்க வேண்டும். அதற்கு மேல் 'இஸட்' புள்ளிதான் வாயிலைத் திறக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று தடவை மாத்திரமே தோற்றலாம்.

இந்த இஸட் புள்ளி 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அது என்னவென்று பெற்றோர் பலருக்கும் புரிவதில்லை. பிள்ளைகள் சிலருக்கும் அப்படியே. ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு பாடத்தில் நாடெங்கும் எழுதியவர்களின் சராசரி 40 என்றும், புள்ளிகள் அதைச் சுற்றிப் பரந்திருக்கும் அளவு, அதாவது நியம விலகல், 15 என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 70 பெற்ற பிள்ளை சராசரிக்கு 30 புள்ளி மேலே நிற்கிறது. 30ஐ 15ஆல் வகுத்தால் 2. இதுவே அதன் இஸட் புள்ளி. வேறொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10 என்றால், அங்கே அதே 70க்குக் கிடைப்பது 1 மட்டுமே. மூன்று பாடங்களினதும் இஸட் புள்ளிகளின் சராசரியே இறுதியில் நிற்கும். ஆகவே நமது பிள்ளை பக்கத்து வாங்குப் பிள்ளையோடு மட்டும் போட்டியிடவில்லை. அதே பாடத்தை எழுதும் நாடு முழுவதுமுள்ள பிள்ளைகளோடு போட்டியிடுகிறது.

மாவட்டத்தின் பங்கு

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியது. ஊவாவின் பதுளை, மொனராகலை இரண்டும் அந்தப் பதினாறில் அடங்கும். இதனால் கொழும்பு மாவட்டத்தை விடக் குறைந்த வெட்டுப்புள்ளியில் நமது மாவட்டப் பிள்ளைகள் பல பாடநெறிகளுக்கு நுழைய முடிகிறது.

ஆனால் இந்தச் சலுகை மாவட்டத்துக்கு உரியது. தோட்டத்துக்கென்று தனியான பங்கு இல்லை. மடுல்சீமை மலையுச்சியிலிருந்து இறங்கி வரும் பிள்ளையும், பதுளை நகரில் நூலகத்துக்கும் தனியார் வகுப்புக்கும் பக்கத்தில் வாழும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகளை '1ஏபி' என்ற தரத்தில் வைக்கிறார்கள். தமிழ்மொழி மூலம் அத்தகைய பாடசாலைகள் தோட்டங்களுக்கு அருகில் மிகச் சிலவே. ஆகவே மருத்துவமோ பொறியியலோ படிக்க விரும்பும் பிள்ளை, சாதாரண தரம் முடிந்தவுடனேயே வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது.

வெளியேறும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிக்கையில், பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் கற்ற பாடசாலைகள் பார்க்கப்படுகின்றன. வேறு மாவட்டத்துக்குப் பிள்ளையை மாற்றுமுன் அதிபரிடம் இதைக் கேட்டறிவது நல்லது.

எண்ணப்படாததும் ஏன் பெறுமதியானது?

எண்ணப்படாவிட்டால் கடைசித் தவணையை விட்டுவிடலாமா? கூடாது என்றே நாம் கருதுகிறோம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வரவு. பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளையின் பெயருக்கு நேரே இடாப்பில் விழுவது வரவின்மைதான்.

இரண்டாவது, தவணைப் பரீட்சை ஒரு கண்ணாடி. மாகாண, வலய மட்டங்களில் தயாரிக்கப்படும் வினாத்தாள்கள் பெரும்பாலும் இறுதிப் பரீட்சையின் சாயலிலேயே அமைகின்றன. எந்த அலகில் பலவீனம், எந்தக் கட்டுரை வினாவுக்கு நேரம் போதவில்லை என்று அது காட்டிக்கொடுக்கும். அங்கே 35 எடுத்த பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள இன்னும் வாரங்கள் உண்டு. இறுதிப் பரீட்சையில் 35 எடுத்தால் திருத்த ஓராண்டு காத்திருக்க வேண்டும். மூன்று வாய்ப்பில் ஒன்றும் போய்விடும். கண்ணாடியில் அழுக்குத் தெரிந்தால் முகத்தைக் கழுவுகிறோமே தவிர, கண்ணாடியை உடைப்பதில்லை. பிரதான பாடங்களையே கவனித்து, பொதுச் சாதாரணப் பரீட்சையை அலட்சியம் செய்யும் பிள்ளைகளுக்கும் இந்தத் தவணை ஓர் எச்சரிக்கை. அந்த 30 புள்ளி இல்லாவிட்டால் மற்றச் சித்திகள் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, பழக்கம். நாள்தோறும் மூன்று மணித்தியாலம் அமர்ந்து எழுதும் கை, இரண்டு மாதம் மூட்டை தூக்கிய பின் அதே வேகத்தில் எழுதாது. இதைச் சொல்ல ஆய்வு எதுவும் தேவையில்லை. ஒரு வாரம் மலைக்குப் போகாமல் இருந்தவரின் விரலும் கொழுந்தில் பழைய வேகத்துக்கு வர நாளாகும் என்பது நம் தாய்மாருக்குத் தெரியும்.

பரீட்சைக் காலத்தில் இயற்கையும் நம்மைச் சோதிப்பதுண்டு. 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயலால் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டபோது உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. பாதை உடைந்து, வீடு இழந்து, உறவினரைத் தேடியலைந்த நாட்களிலும் பிள்ளைகள் எஞ்சிய பாடங்களுக்குத் தயாராக வேண்டியிருந்தது. ஒரேயொரு பரீட்சையில் எல்லாவற்றையும் தொங்கவிட்டிருக்கும் முறை ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு கடினமானது என்பதை அந்நாட்கள் காட்டின.

வேறு வாயில்களில் கணக்கு வேறு

அமெரிக்காவில் 'சமுதாயக் கல்லூரி' என்ற ஈராண்டுக் கல்லூரிகள் உண்டு. குறைந்த செலவில் அங்கே படித்து, பின் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பின்னும் கடைசி அரையாண்டில் புள்ளிகள் மிகவும் சரிந்தால், சில பல்கலைக்கழகங்கள் அந்த அனுமதியையே திரும்பப் பெற்றுவிடும். அங்கே கடைசித் தவணை நேரடியாகவே எண்ணப்படுகிறது.

நமது நாட்டிலும் அதற்கு ஒப்பான பாதைகள் உள்ளன. பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது; உயர் தேசிய டிப்ளோமா வழங்கும் உயர் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்னும் ஏழு படிகளில் ஐந்தாவதும் ஆறாவதும் டிப்ளோமா மட்டம், ஏழாவது பட்டம். இப்பாதையில் வருவோருக்கெனவே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் அமைந்தது. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் பதுளையில் உண்டு. உயர்தரம் கைகொடுக்காதவர்கள் அடிப்படைப் பாடநெறியிலிருந்து ஏறிச் செல்ல அங்கே வழி இருக்கிறது.

இந்த வாயில்களில் ஒரே பரீட்சை எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. டிப்ளோமாவில் ஒவ்வொரு அரையாண்டின் பெறுபேறும் சேர்ந்தே சராசரி உருவாகிறது. கடைசி அரையாண்டில் ஒரு பாடம் தவறினால் டிப்ளோமா முழுமையடையாது; டிப்ளோமா இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்கவும் முடியாது. "வேலை கிடைத்துவிட்டது, இனி எதற்கு?" என்று கடைசி அரையாண்டில் விட்டுவிடுவோர் பின்னால் வருந்துவதை நாம் கண்டிருக்கிறோம். பாடசாலையின் கடைசித் தவணையில் பழகிய ஒழுங்கு இங்கேதான் பலன் தருகிறது.

2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்த்தலுக்கும் பட்டப்படிப்பு உண்டு. கற்பித்தல் ஆங்கில மொழியில் நடைபெறுகிறது. தேயிலைக்கு முதுகு வளைத்தவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்பறையில் நிறைந்திருக்க வேண்டாமா? அதற்கு விஞ்ஞானப் பாடமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். இரண்டுமே கடைசித் தவணையில் தொடங்கி முடிக்கக்கூடியவை அல்ல.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்: உயர்தர ஆண்டின் கடைசி ஆறு மாதமாவது பிள்ளையை வருமானத்துக்கு அனுப்பாதிருங்கள். தேசிய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் முன்கூட்டியே சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல்தான்.

ஆசிரியர்கள்: தவணை விடைத்தாளைப் புள்ளியோடு மட்டும் திருப்பிக் கொடுக்காமல், எங்கே தவறியது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

தோட்ட இளைஞர் மன்றங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள்: மாலையில் விளக்குள்ள ஓர் அறையைப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். லயக் காம்பராவில் ஆறு பேருக்கு நடுவே படிக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி. முன்பு பல்கலைக்கழகம் சென்ற அண்ணன், அக்காமாரை அழைத்து விண்ணப்பம் நிரப்பும் முறையையும் மகாபொல புலமைப்பரிசில் பற்றியும் சொல்லச் செய்யுங்கள்.

அன்று அந்தத் தாய்க்கு ஆசிரியர் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, அந்த மார்க்ஸை கெம்பஸ் பார்க்காது. நாங்க பார்ப்போம். பார்த்தாத்தான் அவனுக்கு எங்க கை கொடுக்கணும்னு தெரியும்." தாய் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப அவங்க அப்பாகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க சேர்" என்றார். அன்று மாலையே ஆசிரியர் லயத்துக்குப் போனார். நாமும் உடன் சென்றோம். தந்தை நீண்ட நேரம் கடன் கணக்கைச் சொன்னார். அந்தக் கணக்கில் பொய் இல்லை. எழும்பும்போது, "பரீட்சை வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

ஒரு தவணைதான் கிடைத்தது. அந்தப் பையனுக்கு அது போதுமா என்பது இனி அவன் கையிலும், நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.